இம்யூனோதெரபி எடுப்பவரின் வயிறு எரிந்தால்: தருமபுரி, கிருஷ்ணகிரி மெடிக்கல் ஷாப் சரக்கில் எது உதவும், எது கெடுக்கும்

புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி ஊசியை (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின்மேல் ஏவிவிடும் மருந்து) பெங்களூரிலோ வேலூரிலோ சேலத்திலோ சென்னை அடையாறிலோ போட்டுக்கொண்டு நம் மாவட்டங்களுக்குத் திரும்புகிறார்கள். பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்து அரை மணி நேரத்தில் ஏறி முடிந்துவிடும். அடுத்த தேதி 3 வாரம் அல்லது 6 வாரம் கழித்துத்தான். இடையில் வருகிற தொல்லை பாலக்கோட்டிலோ அரூரிலோ ஊத்தங்கரையிலோ தேன்கனிக்கோட்டையிலோ வீட்டில் இருக்கும்போது வருகிறது. மேல்வயிறு எரிகிறது, குமட்டுகிறது, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு கட்டிக்கொள்கிறது. உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஆள் போகிறது: "அண்ணா, அப்பாவுக்குச் சாப்பாடே இறங்கலை, கேஸ் மாத்திரை குடுங்க." மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது. "அப்பாவுக்கு வேற என்ன மருந்து போகுதுங்க?" என்ற கேள்வி மட்டும் பல கடைகளில் வருவதில்லை.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை வைத்துத்தான் இந்த மதிப்பீடு. கடை அலமாரியில் இருக்கும் பொருள்களையும், இங்கே கிடைக்கும் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்ப்பது) சேவையையும் ஒரே ஒரு நோயாளியை மனதில் வைத்து எடை போட்டிருக்கிறோம்: நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், அடெசோலிசுமாப், டுர்வாலுமாப், இபிலிமுமாப் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டிருப்பவர், அல்லது எடுத்து நிறுத்தியவர். மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கும் பொருள் இவருக்கு அரைகுறையாகவோ ஆபத்தாகவோ முடியலாம்.

நோய் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான நம் டி செல்கள் அளவுக்கு மீறிப் பாயாமல் இருக்க உடம்பிலேயே பிரேக் உண்டு. பிடி-1, சிடிஎல்ஏ-4 என்பவை அவை. இதைக் கண்டறிந்ததற்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஊசி மருந்து அந்தப் பிரேக்கை எடுத்துவிடுகிறது. செல்கள் புற்றைத் தாக்குகின்றன. சிலருக்கு நல்ல திசுவையும் தாக்குகின்றன. பெருங்குடலைத் தாக்கினால் பேதி. அது அடிக்கடி வருவது, டாக்டர்களும் முன்கூட்டியே எச்சரித்து அனுப்புவார்கள். இரைப்பையைத் தாக்கினால் இரைப்பை அழற்சி, அதாவது உள்தோல் வீங்கிப் புண்படுவது. இது அதைவிட அரிது. பேதியே இல்லாமல் வாந்தியும் எரிச்சலும் பசியின்மையும் எடைக்குறைவுமாக வரும். அதனால்தான் "கேஸ்" என்று ஒதுக்கப்படுகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. கீமோ வாந்தி பெரும்பாலும் மருந்து ஏறிய சில நாட்களுக்குள் வந்து அடங்கிவிடும். இது அப்படி இல்லை. சில வாரங்கள் கழித்து வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம், ஊசியை நிறுத்தியபிறகும் வரலாம். "ஊசி போட்டு ரெண்டு மாசம் ஆச்சே, அதனால இருக்காது" என்பது இந்த மருந்துகளுக்குப் பொருந்தாத கணக்கு.

கேஸ் மாத்திரை

பான்டோபிரசோல் 40 மி.கி., ரபெப்ரசோல் 20 மி.கி., எசோமெப்ரசோல் 40 மி.கி. மூன்றும் ஒரே குடும்பம். அமிலம் சுரப்பதைக் குறைக்கும். இரைப்பையின் உள்தோல் வீங்கிச் சிவந்து கிடக்கும்போது அதன்மேல் அமிலம் படாமல் இருப்பது பெரிய ஆறுதல். ஆகவே இந்த மாத்திரை தேவை. ஆனால் டி செல்களை இது தொடவே தொடாது. லேசான அழற்சி இதிலேயே அடங்கலாம். அதைத் தாண்டியதற்கு எரிச்சல் கொஞ்சம் தணியும், உள்ளே அழற்சி தொடரும், நோயாளி எடை இழந்துகொண்டே போவார். இரண்டு வாரம் கேஸ் மாத்திரையில் ஓட்டிவிட்டு, தண்ணீர்கூடத் தங்காத நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருவது இப்படித்தான்.

மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டால்தான் அந்த ஆறுதலும் கிடைக்கும். காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில், முழுதாக விழுங்க வேண்டும். குடலுக்குப் போய்க் கரைய வேண்டும் என்பதற்காகவே மேல்பூச்சு போட்டிருக்கிறார்கள். உடைத்தாலோ மென்றாலோ பூச்சு போய், மருந்து அமிலத்திலேயே வீணாகிவிடும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். முதல் நாளே கேட்கவில்லை என்று பிராண்ட் மாற்றுவதில் பயன் இல்லை. அதே உப்பு (உள்ளே இருக்கும் மருந்துப் பொருள்), அதே அளவு என்றால் ஜன் அவுஷதி கடையிலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ வாங்குவது எங்கள் கணக்கில் சரியான தேர்வு.

இம்யூனோதெரபி எடுப்பவருக்கு மட்டும் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். இந்த மருந்துகளோடு கேஸ் மாத்திரையும் தொடர்ந்து போகிறவர்களுக்குச் சிறுநீரக அழற்சி வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் மாதக்கணக்கில் போடக்கூடாது. அடுத்து, கேஸ் மாத்திரை எடுத்தவர்களுக்கு இம்யூனோதெரபியின் பலன் குறைவாக இருந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரைதான் காரணமா, அதை எடுத்தவர்கள் ஏற்கெனவே அதிக நோயுற்றவர்களா என்பது தீர்ந்தபாடில்லை. இதற்காகத் தேவைப்படும்போது நிறுத்த வேண்டாம். தேவை முடிந்தபின் பழக்கமாகத் தொடரவும் வேண்டாம். ஒரு அட்டைக்கு மேல் வாங்கும்முன் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைகளில் நடக்கும் பெரிய பிழை இதற்கு அடுத்தது. பான்டோபிரசோல் கேட்டால் பெயருக்குப் பின்னால் "டி" அல்லது "டிஎஸ்ஆர்" போட்ட கேப்ஸ்யூல் கைக்கு வருகிறது. அதில் டோம்பெரிடோன் 30 மி.கி. கூடுதலாக இருக்கிறது. டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கும். விடாமல் வாந்தி எடுப்பவருக்கு ஏற்கெனவே பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்திருக்கும். வாந்திக்கென்று ஒண்டான்செட்ரானும் சேர்ந்தால் அதே கோளாறு இரட்டிப்பாகும். இம்யூனோதெரபி அரிதாக இதயத் தசையையே தாக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஈசிஜி எடுக்காமல் இந்தக் கூட்டு மாத்திரையை இவர்களுக்குக் கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. அட்டையைத் திருப்பி, சிறிய எழுத்தில் இருக்கும் உப்பின் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒன்றே ஒன்று இருக்க வேண்டும்.

ஒண்டான்செட்ரான் 4 மி.கி. தனியாக நல்ல மருந்து. நாக்கில் கரையும் வகையை வாங்குங்கள். விழுங்கும் வகை வாந்தியோடு வெளியே வந்துவிடும். ஈரமில்லாத கையால், அட்டையின் பின்தாளை உரித்து எடுக்க வேண்டும். அழுத்தித் தள்ளினால் பொடிந்துவிடும். அரை மணி நேரம் விட்டுப் பிறகு நீராகாரம். மலச்சிக்கல் வரும், தலைவலி வரலாம். டாக்டர் சொன்ன இடைவெளியில் இரண்டு முறை கொடுத்தும் வாந்தி நிற்கவில்லை என்றால் மூன்றாவதைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஜெல், சிரப்

வெள்ளை, ரோஸ் நிறத்தில் வரும் ஆன்டாசிட் ஜெல் உடனடி ஆறுதல் தரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதில் உள்ள மெக்னீசியம் வயிற்றை இளக்கும். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். இவருக்கு அப்படி இல்லை: நாலு தடவை இளகிப் போனால் குடலும் பாதிக்கப்பட்டுவிட்டதோ என்று டாக்டர் குழம்ப வேண்டியிருக்கும். ஜெல் குடித்த அளவையும் நேரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சுக்ரால்ஃபேட் சிரப்புக்கு எங்கள் மதிப்பு அதிகம். புண்பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு மேலே ஒரு படலமாக நிற்கும். பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், அடியில் தங்கிவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. ஆன்டாசிட் ஜெல்லுக்கும் இதற்கும் குறைந்தது அரை மணி இடைவெளி. 5 மி.லி.யில் 1 கிராம் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 10 மி.லி.யில் 1 கிராம் உள்ளதும் இருக்கிறது. கடை மாறினால் மூடியின் அளவும் மாறும். மரத்துப்போக வைக்கும் ஆக்ஸிடகெய்ன் சேர்ந்த வகை எரிச்சலைச் சட்டென்று அடக்கும், ஆனால் வலி கூடுகிறதா குறைகிறதா என்பதே தெரியாமல் போய்விடும். நோய் என்னவென்று தெரியாத முதல் நாட்களில் அது வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அலுமினியம் சேரும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் சுக்ரால்ஃபேட்டும் வேண்டாம்.

இந்த இரண்டிலும் அதிகம் கவனிக்கப்படாத சிக்கல் தைராய்டு மாத்திரையோடு வருவது. இம்யூனோதெரபி எடுப்பவர்களில் பலருக்கு தைராய்டு சுரப்பு குறைந்து, தைராக்ஸின் மாத்திரை போய்க்கொண்டிருக்கும். ஜெல்லும் சுக்ரால்ஃபேட்டும் அதைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் ஏற விடாது. நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். எல்லாமே வெறும் வயிற்று மருந்து என்பதால் காலையில் முட்டிக்கொள்ளும். நடைமுறையில் ஒத்துவரும் ஒரு வரிசை: காலை 5 மணிக்குத் தைராக்ஸின், வெறும் தண்ணீரோடு. 7 மணிக்குப் பான்டோபிரசோல். 7.30-க்கு மேல் காலை உணவு. 11 மணிக்கு மேல் முதல் சுக்ரால்ஃபேட், 12 மணிக்கு மேல் மதியச் சாப்பாடு. மாலை 6.30-க்கு அடுத்தது, 7.30-க்கு இரவு உணவு. டாக்டர் எழுதிய வேளைகள் இதைவிட அதிகம் என்றால் இந்தத் தாளைக் காட்டி மாற்றி எழுதச் சொல்லுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் தைராக்ஸின் சேர்வதைச் சற்றுக் குறைக்கும் என்பதால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாதபோது நோயாளி சோர்ந்து கிடப்பார். வீட்டில் புற்றுநோய் முற்றிவிட்டதென்று பயந்துபோவார்கள்.

ஓஆர்எஸ்: அலமாரியிலேயே சிறந்த பொருள்

ஓஆர்எஸ் என்பது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள். இதைவிட மலிவாக, இதைவிட நிச்சயமாக உதவும் பொருள் கடையில் இல்லை. ஆனால் பாக்கெட்டைப் பார்த்து வாங்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். பாக்கெட்டில் இந்தக் கலவையின் பெயர் அச்சிட்டிருக்கும். ஓஆர்எஸ் என்ற பெயரில் டெட்ரா பேக்கில் விற்ற இனிப்புப் பானங்களில் சர்க்கரை பல மடங்கு. அப்படிப்பட்ட பானங்களின் லேபிளில் ஓஆர்எஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது. பெயர் மாறினாலும் பழக்கத்தில் அதையே கேட்டு வாங்குகிறார்கள். வேண்டாம். தூள் பாக்கெட்தான்.

ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் கரைத்தால் ஒரு வேளை உப்புக் கரிக்கும், மறு வேளை நீர்த்துப்போகும். செறிவு கூடினால் வயிறு இன்னும் பிரட்டும், பேதியும் ஆகும். அவ்வளவு தேவையில்லை என்றால் 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட் கேளுங்கள். எலுமிச்சை, சர்க்கரை, குளுக்கோஸ் பவுடர் எதையும் சேர்க்கக்கூடாது. கரைத்தது 24 மணி நேரம் வரைதான்.

தண்ணீர் விஷயத்தில் நம் பகுதிக்கு ஒரு தனிச் சொல். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். புண்பட்ட வயிற்றுக்கு ஒகேனக்கல் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியதோ, ஆர்ஓ தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

வாந்தி எடுப்பவர் டம்ளரைத் தூக்கிக் குடித்தால் அப்படியே வெளியே வரும். வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஊட்ட வேண்டும். இப்படிக் கொடுத்தாலே மணிக்கு 150 மி.லி. உள்ளே போய்விடும். தங்கினால் இடைவெளியைக் குறைக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு ஓஆர்எஸ் கூடாது என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். இதயச் செயலிழப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிருஷ்ணகிரியில் மாம்பழ ஜூஸை உடம்புக்குத் தெம்பு என்று நோயாளிக்கு வாங்கிக் கொடுப்பது வழக்கம். புளிப்பும் அடர்ந்த சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பாட்டில் ஜூஸ் இந்த வயிற்றுக்கு ஆகவே ஆகாது.

ஸ்டீராய்டு: உண்மையான மருந்து, கடையில் தானாக வாங்கக் கூடாத மருந்து

நடுத்தர, கடுமையான அழற்சிக்கு மருந்து பிரட்னிசோலோன்தான். அடுத்த இம்யூனோதெரபி ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு, உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. என்ற கணக்கில் தொடங்குவார்கள். 60 கிலோ எடை, கிலோவுக்கு 1 மி.கி. என்றால் 60 மி.கி., அதாவது 20 மி.கி. மாத்திரை மூன்று. காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாக. மாத்திரை தங்காத அளவு வாந்தி என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மெதில்பிரட்னிசோலோன் நரம்பில் போடுவார்கள். அது கிலோவுக்கு 2 மி.கி. வரை போகும். சில நாளில் பலன் இல்லை என்றால், அழற்சியை அடக்கும் ஊசிகளான இன்ஃப்ளிக்சிமாப் அல்லது வெடோலிசுமாப். அதற்கு முன் காசநோய்க்கும் மஞ்சள்காமாலை பி-க்கும் பரிசோதனை எடுத்தாக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் நடக்க வேண்டிய சிகிச்சை அது.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் நடக்கிற தவறுகள்தான் எங்களுக்குக் கவலை. நாலைந்து நாளில் பசி வந்துவிடும், எரிச்சல் போய்விடும். "சரியாயிடுச்சு, ஸ்டீராய்டு எதுக்கு" என்று நிறுத்திவிடுகிறார்கள். அழற்சி திரும்பி வரும், முன்னைவிட மோசமாக. குறைப்பது 4 முதல் 6 வாரம் நடக்க வேண்டிய வேலை. 60-இல் தொடங்கி வாரம் 10 மி.கி. குறைத்தால் முடிய ஆறு வாரம். அந்தக் கால அட்டவணையை டாக்டர் தேதி போட்டு எழுதித் தர வேண்டும். வாய்வார்த்தையாக வாங்கி வராதீர்கள்.

அடுத்தது, மாற்று மாத்திரை. ஊரில் பிரட்னிசோலோன் 20 இல்லை என்று வேறு ஸ்டீராய்டு கொடுத்தால் மி.கி. ஒன்றுக்கு ஒன்று அல்ல. பிரட்னிசோலோன் 5 மி.கி.க்குச் சமம் மெதில்பிரட்னிசோலோன் 4, டெஃப்ளசகார்ட் 6, டெக்ஸாமெதசோன் 0.75. பிரட்னிசோலோன் 20 எழுதியிருக்க, டெஃப்ளசகார்ட் 6 ஒன்று கொடுத்தால் நாலில் ஒரு பங்குதான் போகிறது. நோய் மருந்துக்கு அடங்கவில்லை என்று டாக்டர் நினைக்கும் இடம் அது. இரண்டு அட்டை கூடுதலாகக் கையிருப்பு வைத்துக்கொள்வது நல்லது. புடசோனைட் கேப்ஸ்யூல் வேறு கதை: கடையில் வருவது சிறுகுடலின் கடைசியிலும் பெருங்குடலிலும் போய்க் கரைகிற மாதிரி செய்தது. குடல் அழற்சிக்குக் கொடுத்த அதே கேப்ஸ்யூலை இரைப்பைக்கும் நம்ப முடியாது.

சர்க்கரை ஏறும். காலையில் போடும் பிரட்னிசோலோன் மதியத்திலிருந்து மாலை வரை சர்க்கரையைத் தூக்கும். வெறும் வயிற்று அளவு நன்றாக இருக்கிறதென்று ஏமாந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நாலு வாரத்துக்கு மேல் 20 மி.கி.க்குக் குறையாமல் போகும் என்றால் நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்ஸசோல், எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி தேவையா என்று கேளுங்கள். வாயில் வெள்ளை படிந்தால் பூஞ்சை.

கிளினிக்கில் போடும் ஒற்றை டெக்ஸா ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நன்றாக இருக்கும். ஆனால் நோயறிதலைக் கெடுத்துவிடும். இம்யூனோதெரபி எடுப்பவருக்கு வாந்தியும் மேல்வயிற்று வலியும் வந்தால் இரைப்பை மட்டும் காரணம் இல்லை: அட்ரினல் சுரப்பி செயலிழந்திருக்கலாம், திடீர்ச் சர்க்கரை நோயில் கீட்டோன் ஏறியிருக்கலாம், கணையம், கல்லீரல், இதயத் தசை எதுவாகவும் இருக்கலாம். அட்ரினல் பார்க்கக் காலை 8 மணி கார்ட்டிசால் வேண்டும். ஸ்டீராய்டு உள்ளே போனபின் அந்த எண்ணை நம்ப முடியாது. ஆகவே ஆள் நிதானமாக இருக்கும்போது முதலில் இரத்தம்: சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், கல்லீரல், லிப்பேஸ் (கணையத்துக்கு), டிஎஸ்ஹெச், கார்ட்டிசால், கூடவே ஈசிஜி, ட்ரோபோனின் (இதயத் தசைக்கு). பிறகு மருந்து. இரத்த அழுத்தம் விழுந்து ஆள் துவண்டுவிட்டால் இரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு போட வேண்டும்.

கறுத்த தார் மாதிரி மலம், காபித்தூள் போன்ற வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுந்தால் தலைசுற்றல், நெஞ்சில் அழுத்தம், மூச்சு வாங்குதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் அது போகிறதா என்பதையும் சொல்லுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியோ, எங்கே இறக்கினாலும் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "கீமோ இல்லைங்க, இம்யூனோதெரபி, மருந்து பேர் இது, கடைசியா போட்ட தேதி இது." இந்த ஒரு வாக்கியம் தவறினால் கீமோ வாந்தி என்று எழுதி, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம்.

எண்டோஸ்கோபி: கேட்டு வாங்க வேண்டிய சேவை

இரண்டு மாவட்டத் தலைநகரிலும் ஓசூரிலும் எண்டோஸ்கோபி செய்துகொள்ளலாம். ஆறு முதல் எட்டு மணி நேரம் பட்டினி, பத்து நிமிட வேலை. படம் எடுப்பதில் குறை சொல்ல அதிகம் இல்லை. குறை, பரிசோதனைக்குச் சதைத்துண்டு (பயாப்ஸி) எடுப்பதில். "லேசான சிவப்பு, கேஸ்ட்ரைட்டிஸ்" என்று எழுதி, எச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமிக்கு நிறம் மாறும் டெஸ்ட் மட்டும் செய்து அனுப்புவது பரவலான நடைமுறை. சாதாரண நோயாளிக்கு அது பெரும்பாலும் போதும். இவருக்குப் போதாது. கண்ணுக்கு இரைப்பை இயல்பாகத் தெரியும்போதே சதைப் பரிசோதனையில் அழற்சி இருப்பது உண்டு.

ஆகவே போகும்முன்பே புற்றுநோய் டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: இரைப்பையின் உடல்பகுதியில் இரண்டு, கீழ்ப்பகுதியில் இரண்டு, முன்சிறுகுடலிலும் சதைத்துண்டு, பார்க்க நன்றாக இருந்தாலும் எடுக்கவும், எச். பைலோரியும் சைட்டோமெகாலோ வைரஸும் பார்க்கவும். ஃபார்மலின் பாட்டிலோடு போகும் படிவத்தில் ஊசி மருந்தின் பெயர் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நோய்க்குறியியல் டாக்டர் "நாட்பட்ட இரைப்பை அழற்சி" என்று பொதுவாக எழுதி முடித்துவிடுவார். பெயரைப் பார்த்தால்தான் சுரப்பிகளைச் சூழ்ந்த லிம்போசைட்டுகளையும் தானாகச் சாகும் செல்களையும் தேடுவார். கேஸ் மாத்திரையைக் கடந்த இரண்டு வாரத்தில் போட்டிருந்தால் எச். பைலோரி நிறமாற்ற டெஸ்ட் பொய்யாக "இல்லை" என்று வரலாம்; ஆன்டிபயாட்டிக் என்றால் நாலு வாரம். இதையும் சொல்ல வேண்டும். எச். பைலோரி இருந்தால் அதற்குத் தனி மருந்து உண்டு, விட்டுவைக்கக் கூடாது.

ரிப்போர்ட்டோடு, சதைத்துண்டு பதித்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகட்டையும் கேட்டு வாங்குங்கள். பெங்களூரிலோ வேலூரிலோ மறுபடி பார்க்கச் சொன்னால் இரண்டாவது எண்டோஸ்கோபி மிச்சம்.

மற்றவை

வலி மாத்திரையில் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதுவும் கூடாது. ஸ்டீராய்டோடு சேர்ந்தால் இரைப்பையில் புண்ணும் இரத்தக்கசிவும் வரும். மூன்று உப்பு சேர்ந்த மூட்டுவலி மாத்திரைகளில் இவை மறைந்திருக்கும். பாராசிட்டமால் 500 போதும். கல்லீரல் என்சைம் ஏறியிருந்தால் அதையும் கேட்டுத்தான்.

எதிர்ப்புச் சக்தி கூட்டும் என்று விற்கும் சூரணம், கேப்ஸ்யூல், கஷாயம் எதையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. சீந்தில் குறிப்பாக வேண்டாம்: எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் அந்தக் கொடியால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் நம் நாட்டிலேயே உள்ளன. கபசுரக் குடிநீரிலும் சீந்தில் உண்டு. எதிர்ப்புச் சக்தி கட்டுக்கடங்காமல் போனதால்தான் இவருக்கு வயிறே புண்ணாகியிருக்கிறது. புரோபயாட்டிக் கேப்ஸ்யூலுக்கும் காசு செலவழிக்கத் தேவையில்லை.

சாப்பாட்டில் களியைத் தள்ளிவையுங்கள். உருண்டையாக விழுங்கும் களி, சரியாக அசையாத இரைப்பையில் மணிக்கணக்கில் தங்கி வாந்தியாக வரும். அதே கேழ்வரகு கஞ்சியாக ஒத்துப்போகும், புளிக்க வைக்காமல். இரண்டு டேபிள்ஸ்பூன் சலித்த மாவைக் கட்டியில்லாமல் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, 400 மி.லி. தண்ணீரில் பத்து நிமிடம் கிண்டிக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு வடிகட்டி, வெதுவெதுப்பாக 100 மி.லி. வீதம் இரண்டு மணிக்கு ஒருமுறை. மோர், வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு, பாசிப்பருப்பு, குழைந்த சோறு என்று மெதுவாகக் கூட்டலாம். புளி, பச்சை மிளகாய், தக்காளி, ஊறுகாய், கருவாட்டுக் குழம்பு ஸ்டீராய்டு குறைந்து முடியும்வரை வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரே தராசில், காலையில், சாப்பிடும் முன் எடை பாருங்கள். 60 கிலோ ஆள் ஒரு மாதத்தில் 3 கிலோ குறைந்துவிட்டால், வாந்தி இல்லாவிட்டாலும், அடுத்த ஊசித் தேதி வரை காத்திராமல் அன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள்.